கட்டை கைமாறிய வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு கடிதத்தால் வந்த வினை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நான் படித்த பள்ளிக்கூடம் (பெயர் சொல்லமாட்டேன், அதுவும் என் பெயரை எங்கும் சொல்வதில்லை) ஒரு மலர் வெளியிடுகிறதாம். பழைய மாணவர் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார்: "சிறுவயதில் தாங்கள் மீறிய ஒரு சின்னப் பள்ளி விதியைப் பற்றி, நகைச்சுவையாக, இருநூறு சொற்களில் எழுதி உதவவும்."

மாதிரிக்கு மற்றவர்கள் அனுப்பியவற்றையும் இணைத்திருந்தார். ஒருவர் மதிலேறி ஜம்புக்காய் பறித்திருக்கிறார். ஒருவர் விறாந்தையில் விசிலடித்திருக்கிறார். ஓய்வுபெற்ற நீதவான் ஒருவர், பள்ளித் தலைவர் ரெக்டரின் புல்தரையில் இரண்டு தடவை நடந்ததை ஒப்புக்கொண்டு, தன் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருந்தார்.

நானும் இருநூறு சொல் எழுதினேன். மறுநாள் காலையில் வாசித்தபோது அதில் உண்மையான சொல் ஏழுதான் இருந்தது. பொய் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இந்தப் பொய்யை அறுபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று தோன்றியது.

விஷயம் சின்னது. ஒரு பையன் வகுப்பில் ஒரு வாக்கியம் தமிழில் சொன்னான். தவறிச் சொன்னானா, வேண்டுமென்றே சொன்னானா? எனக்கு அது தெரியவேண்டும். கதை அவ்வளவுதான். அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

தொடக்கம் எழுதுவதில் மூன்று நாள் போயிற்று. கைவிட்டவற்றை இங்கே வைக்கிறேன். காகிதம் என்னுடையது.

(அ) "1938ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்புத் துறைமுகத்தின் மீது கருமேகங்கள்" மேகம் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. இருந்திருந்தாலும் அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை.

(ஆ) "ஆங்கிலேய ஏகாதிபத்தியம் எங்கள் நாவுகளை" என்று ஒரு தொடக்கம். எழுதும்போது மிக நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் நாவுகளை அன்று கட்டிப்போட்டது ஏகாதிபத்தியமல்ல, ஹெக்டர். அவன் எங்கள் வகுப்புப் பையன், பின்வாங்கில் இருந்தான்.

(இ) "கட்டை என் காற்சட்டைப் பையில் இருந்தது."

இது பரவாயில்லை. இப்படியே தொடங்குவோம். ஆனால் கட்டை என்றால் என்னவென்று சொல்லவேண்டும்.

3

கட்டை என்பது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பலாமரத்துண்டு. பள்ளிக்கூட வளவுக்குள் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பது விதி. காலையில் முதலாவதாகத் தமிழோ சிங்களமோ பேசி அகப்படுகிறவனிடம் ஒழுங்கு பார்க்கும் பிரிபெக்ட் சுவாமியார் கட்டையைக் கொடுப்பார். அவன் அதைப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டு, வேறு யாராவது தமிழ் பேசுவதைக் கேட்டால், ஒரு சாட்சியை வைத்து அவனிடம் தள்ளிவிடலாம். அவன் இன்னொருவனிடம். இப்படிக் கட்டை நாள் முழுக்க ஊர்வலம் போகும். மூன்றரை மணிக்குக் கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவன் சுவாமியாரிடம் போகவேண்டும். மூன்று பிரம்படி, கறுப்புக் கொப்பியில் பெயர். ஒரே பள்ளித் தவணையில் மூன்று தடவை பெயர் விழுந்தால் தகப்பன் ரெக்டரின் முன்னால் வந்து நிற்கவேண்டும்.

சுவாமியாருக்கு இதில் ஒரு வேலையுமில்லை. நாங்களே குற்றவாளி, நாங்களே ஒற்றன், நாங்களே பொலிஸ். இதைவிட மலிவாக ஒரு நாட்டை ஆளமுடியாது.

[ஓர் அறிவித்தல். இந்தக் கதையில் பையன்கள் ஆங்கிலத்தில் பேசுவதை நான் புத்தகத் தமிழில் எழுதப்போகிறேன். எங்கள் ஆங்கிலம் அப்படித்தான் இருந்தது: விறைப்பாக, பொத்தான் போட்டு. அவர்கள் வாய் தமிழுக்கு வரும்போது உங்களுக்கே தெரியும்.]

4

விதி என்று ஒன்று வந்தால் வழக்கும் வரும். அந்தப் பள்ளியில் நான் உருப்படியாகப் படித்தது சட்டம் ஒன்றைத்தான்.

பேசாதவனைப் பேசவைக்க இலகுவான வழி கிள்ளுவது. கிள்ளினால் மனிதன் தாய்மொழியில்தான் கத்துவான். "அம்மா" என்றால் கட்டை. சிங்களப் பையன் "அம்மே" என்றாலும் கட்டை. இரண்டு மொழிகளையும் முற்றிலும் சமமாக நடத்திய ஒரே சட்டம் அது. கத்தோலிக்கப் பையன்கள் மெல்ல "யேசுவே!" என்று கத்தப் பழகினார்கள். வழக்கு சுவாமியாரிடம் போனது. ஜெபத்துக்குக் கட்டை இல்லை என்று அவர் தீர்ப்பளித்தார். அதன்பிறகு எங்கள் வகுப்பைக் கடந்துபோன விருந்தாளிகள், இவ்வளவு பக்தியுள்ள பையன்களைத் தாங்கள் கண்டதில்லை என்று ரெக்டரைப் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் முஸ்லிம் பையன்கள் "யா அல்லா" என்றார்கள். சுவாமியார் இரண்டு நாள் யோசித்தார். கடவுளின் பெயர் எந்த மொழிக்கும் சொந்தமில்லை என்று மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. ஆனால் தாயைக் கூப்பிடும் "உம்மா" சொந்தம். உம்மாவுக்குக் கட்டை உண்டு.

சுவாமியார் பிரெஞ்சுக்காரர். ஒருநாள் மணிக்கம்பத்தில் பெருவிரலை இடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டார். ஹெக்டர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டையை நீட்டினான். அவர் அதை வாங்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மூன்றரைக்குத் தன்னுடைய மேசைக்கு முன்னால் தானே போய் நின்றார்.

[இது பொய். நன்றாக இருப்பதால் வெட்டவில்லை. இதற்குப்பிறகு பொய் வந்தால் சொல்கிறேன்.]

5

இனி என் தகப்பனார். அவர் பெயர் சவுந்தரநாயகம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளுக்குப் புள்ளடி போடும் கிளார்க். அவருடைய ஆங்கிலம் முழுவதும் பெட்டிகளின் மேல் படித்தது. "திஸ் சைட் அப்." "கீப் ட்ரை." "ஹாண்ட்ல் வித் கெயார்." இந்த மூன்றையும், தலையாட்டலையும், ஒரு நல்ல தொப்பியையும் வைத்துக்கொண்டு அவர் பதினெட்டு வருஷம் வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரிகளைச் சமாளித்தார்.

என்னைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வீட்டில் பேசப்படும் மொழி. இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பா "ஆங்கிலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் நேர்மையானவர். ஆகவே, எழுதியதை உண்மையாக்கிவிடத் தீர்மானித்தார். அன்றைக்கு இராச்சாப்பாட்டில் அவர் அம்மாவைப் பார்த்து, கறிச்சட்டியைக் காட்டி, கம்பீரமாக, "கீப் ட்ரை" என்றார்.

"என்ன சொல்லுறியள்?" என்றார் அம்மா. "கறி வத்திப் போச்சோ?"

"இங்கிலீஷ்ல சொல்லு, ஐறீன்."

"எனக்குத் தெரிஞ்சால் சொல்லமாட்டனோ? போட்டதைச் சாப்பிடுங்கோ."

அதோடு எங்கள் வீட்டில் ஆங்கிலம் முடிந்தது. ஆனால் படிவம் ரெக்டரின் அலுமாரியில் இருந்தது.

அந்தத் தவணையில் என் பெயர் ஏற்கெனவே இரண்டு தடவை கறுப்புக் கொப்பியில் விழுந்திருந்தது. மூன்றாவதும் விழுந்தால் அப்பா வரவேண்டும். என்னை வெளியே போடுவார்கள் என்பது எனக்குப் பெரிய பயமாக இருக்கவில்லை. ரெக்டர் அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு

இந்த வாக்கியத்தை ஐந்து தடவை தொடங்கிவிட்டேன். இப்படியே இருக்கட்டும்.

6

ஜாபிர்.

இவனை எழுதுவதுதான் கஷ்டம். என் வாங்கில் என் பக்கத்தில் இருந்தவன். இரண்டு வருஷமாக ஒருநாள்கூடக் கட்டையைத் தொடாதவன். ஒரு வருஷம் முழுக்கத் தொடாதவனுக்குப் பரிசளிப்பு விழாவில் தோல் அட்டை போட்ட ஆங்கில அகராதி ஒன்று கொடுப்பார்கள். முதல் வருஷம் அம்மை வந்து மூன்று வாரம் வரவில்லை என்பதால் கொடுக்கவில்லை. இந்த வருஷம் நிச்சயம். மருதானையில் துருக்கித் தொப்பிக் கடை வைத்திருந்த அவனுடைய வாப்பா இஸ்ஸதீன், கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டிலிருந்து நாலு தொப்பியை எடுத்துவிட்டு அகராதிக்கு இடம் ஒதுக்கியிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொப்பி வாங்குவார்கள்.

இப்படிப்பட்ட பையனை வாசகர் நம்பமாட்டார் என்று, முதல் பிரதியில் அவனுக்கு ஒரு குறை வைத்தேன்: மாபிள் விளையாட்டில் கள்ளம் செய்வான் என்று. பிறகு யோசித்தேன், அவன் மாபிள் விளையாடியதே இல்லை. அந்தப் பந்தியை அடித்துவிட்டேன். அவனிடம் உண்மையாகவே இருந்த குறை வேறு. கோணலான எதையும் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தொப்பிக் கடைப் பிள்ளை. தொப்பி ஒரு நூல் சரிந்தாலும் கை போய்விடும். சுவரில் படம் சரிந்திருந்தால் எழுந்துபோய் நிமிர்த்துவான். ஒருமுறை பூகோள மாஸ்டரின் கழுத்துப்பட்டியையும் நிமிர்த்திவிட்டான். அதற்கு விதி இல்லாததால் தண்டனையும் இல்லை.

கிள்ளுக்கு அவன் தயாராக வந்தவன். அவனுடைய அக்கா பலீலா ராத்தா தினமும் பின்னேரத்தில் கொண்டை ஊசியால் அவனைக் குத்திப் பழக்கினார். "சொல்லுடா! இங்கிலீஷ்ல அழுடா!" என்று ஏசிக்கொண்டே குத்துவாராம். இரண்டு மாதத்தில் ஜாபிர், எங்கே குத்தினாலும், அமைதியாக "மதர்" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டான்.

[இது உண்மை. பொய் மாதிரி இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.]

7

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பள்ளிக் கேற்றின் கம்பிக்குள் முகத்தை வைத்து, வெளியே இருந்த கடலைக்கார றோஸியிடம், "அக்கா, இன்னுங் கொஞ்சம் போடுங்கோ" என்றேன். தோளில் ஒரு கை விழுந்தது, மற்றக் கையில் கட்டை. ஹெக்டர்.

"நண்பனே, நீ பிழை செய்தாய்," என்றான்.

"நான் வெளியேயுள்ள பெண்மணியிடமே பேசினேன். அவரது காது பள்ளிக்கு வெளியே இருக்கிறது."

"ஆனால் உனது வாய் உள்ளே இருக்கிறது."

சுவாமியாரிடம் போனோம். வாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் குற்றம் என்று அவர் சொன்னார். றோஸி வெளியிலிருந்து, "பாவம் சாமி, பசிப்பிள்ளை!" என்று கத்தினாள். அவளிடம் கட்டையைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

கடலையும் கட்டையும் ஒரே பையில். இரண்டு மணிக்கு முஸ்லிம் பையன்கள் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தார்கள். அன்று யாருமே வாய் திறக்கவில்லை. என்னிடம்தான் கட்டை இருக்கிறது என்பது என் முகத்தில் எழுதியிருந்தது. நான் எதிரில் வந்தால் பையன்கள் யேசுவின் பெயரை முன்கூட்டியே முணுமுணுத்துக்கொண்டு விலகினார்கள்.

கடைசிப் பாடம் சித்திரம். மேசையில் ஒரு மண்சட்டி. எல்லாரும் அதைப் பார்த்து வரையவேண்டும். மணி மூன்று பத்தொன்பது. என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவன் ஜாபிர் மட்டும்.

8

அறுபது வருஷமாக நான் சொல்லிவரும் கதை இது: நான் தந்திரமாக ஜாபிரைப் பேசவைத்தேன். இருபது வயதில் சொன்னபோது, கிள்ளினேன் என்று சொன்னேன். நாற்பதில், அவன் சட்டைக்குள் கடியெறும்பு விட்டேன். அறுபதில், ஒரு கலியாண வீட்டில், நட்டுவக்காலி. கேட்டவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். நட்டுவக்காலியை எங்கே பிடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடந்தது இது.

முதலில் தொடையில் கிள்ளினேன். "மதர்," என்றான் ஜாபிர், பென்சிலைக் கடதாசியிலிருந்து எடுக்காமல். பிறகு கவராயத்தின் முனையால் கையில் குத்தினேன். இரத்தம் ஒரு பொட்டு வந்தது. "மதர். தயவுசெய்து நிறுத்துக," என்றான். மூன்றாவது தடவை குத்தக் கையை எடுத்தேன், குத்த வரவில்லை. என் கண்ணில் தூசி விழுந்திருந்தது. அந்த வருஷம் கொட்டாஞ்சேனையில் தூசி அதிகம்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீ ஏன் அழுகிறாய்?"

"இது மூன்றாவது முறை. என் தந்தையார் வரவேண்டும்."

"அவர் நோயுற்றிருக்கிறாரா?"

"இல்லை," என்றேன். "அவர் ஆங்கிலம் அறியார்."

இதை நான் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியதும் ஆங்கிலத்தில்தான்.

ஜாபிர் தன் கடதாசிக்குத் திரும்பினான். தன் சட்டியின் கழுத்துக்கு நிழல் போட்டு முடித்தான். பென்சிலைக் கீழே வைத்தான். எட்டி என் கடதாசியைப் பார்த்தான். பிறகு, பின்வாங்கில் ஹெக்டருக்கும் கேட்கும்படி, சொன்னான்:

"ஒன்ட சட்டி கோணலா ஈக்கிடா."

வகுப்பே திரும்பியது. இரண்டு வருஷமாக அந்த ஒரு பையனின் வாயிலிருந்து மட்டும் நாங்கள் கேட்காத மொழி. சித்திர மாஸ்டரும் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் என் சட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். சட்டி உண்மையிலேயே கோணல்.

நான் கட்டையை அவன் முன்னால் வைத்தேன். ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. அதை எந்தப் பிரதியிலும் என்னால் மாற்றமுடியவில்லை. அவன் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மணி அடித்தது.

அவன் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது, யாரையோ பிடித்துக் கொடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்த சுவாமியார், அந்த மற்றப் பையன் வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாராம். பிறகு பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாராம். முன்னர் எழுதியதில்லையே.

அந்த வருஷம் அகராதி யாருக்கும் இல்லை. இஸ்ஸதீன் நாலு தொப்பியையும் திரும்ப நடுத்தட்டில் வைத்தார். தை மாதம் பள்ளி திறந்தபோது என் பக்கத்து இடம் காலி. ஜாபிர் கடைக்குப் போய்விட்டான். பதின்மூன்று வயது. நான் படித்து, கிளார்க்காகி, ஓய்வுபெற்று, இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

9

இங்கே கதையை முடிக்க இரண்டு வழி இருந்தது.

முதலாவது: தவறிச் சொன்னான். கோணல் சட்டி அவனால் தாங்கமுடியாத விஷயம். வாய் தானாகத் திறந்தது. அப்படியானால் நான் அதிர்ஷ்டக்காரன். யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை.

இரண்டாவது: வேண்டுமென்றே சொன்னான். அப்படியானால்

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். ஜாபிர் அங்கே கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மகள் பஹ்மியாவோடு இருக்கிறான். இடையில் எத்தனையோ தடவை சந்தித்திருக்கிறோம். கலியாணம், மையித்து வீடு, தேர்தல். இதைப்பற்றிப் பேசியதில்லை. இதுவரை எழுதியதை முழுக்க அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பஹ்மியா தேத்தண்ணியோடு வந்து கதவடியில் நின்று கேட்டாள்.

ஜாபிர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் சொன்னான் (அவன் வாயில் 'இருந்தது' என்பது 'ஈந்திச்சு'):

"நட்டுவக்காலி நல்லா ஈந்திச்சு. அத எனத்துக்கு எடுத்த?"

"அது பொய்யடா."

"பொய் எண்டாலும் நான் கொஞ்சம் வீரனா ஈந்தன். இதில சும்மா ஊசிக் குத்து." முழங்கைக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டான். "ராத்தாட பேரப் போட்டது நல்லம். மவுத்தாகி இருவது வருஷம். அவ கேட்டா சந்தோஷப்பட்டீப்பா."

"ஜாபிர், ஒண்டு கேக்கிறன். நீ அண்டைக்கு வேணுமெண்டு சொன்னியோ, தவறிச் சொன்னியோ?"

"ஒன்ட சட்டி கோணல்தானே?"

"ஓம்."

"பொறகென்ன."

"அது பதிலில்லை."

அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். கோப்பையைச் சாசரின் நடுவில் வைத்து, கைபிடியை நேராகத் திருப்பினான்.

"சரி, கேளு. அகராதி கெடச்சா என்னய லோயருக்குப் படிப்பிக்கிற எண்டு வாப்பா சொல்லி ஈந்தார். கெடைக்காட்டி கடைக்கு. எனக்குப் படிப்பு ஏலா. எனக்குக் கடைதான் வேணும். எப்படித் தப்பலாமெண்டு நானும் ஒரு வருஷமாப் பாத்துக்கொண்டு ஈந்தன். நீ வந்து அழுத. தப்ப நல்ல சாட்டு. நீ கிள்ளாட்டியும் நான் பேசித்தான் ஈப்பன். வெளங்கிச்சா? எழுது."

10

எழுதிவிட்டேன்.

இந்த மூன்றாவது முடிவை நான் யோசித்திருக்கவில்லை. கதைக்கு நல்ல முடிவு. யாரும் தோற்கவில்லை. நான் யாருடைய வாழ்க்கையையும் எடுக்கவில்லை. அவனுக்கு உதவிதான் செய்திருக்கிறேன். செயலாளருக்கும் பிடிக்கும்.

ஒரே ஒரு சிக்கல். எழுபத்தாறு வயது வரைக்கும் புளுகிப் பிழைத்தவன் நான். பிறர் புளுகினால் எனக்குத் தெரியும். கண், கை, மூச்சு, எதிலாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். ஜாபிர் சொல்லும்போது நான் அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒன்றில் அது உண்மை. அல்லது எனக்காக ஒருவன் நன்றாகத் தயாரித்து வைத்திருந்தது. அறுபது வருஷம், நான் என்றாவது ஒருநாள் வந்து கேட்பேன் என்று.

விடைபெற்றேன். பஹ்மியா படியிறங்கி கேற்றடி வரைக்கும் வந்தாள். பின்னால் ரயில் ஒன்று போனது. அது போகும்வரை இருவரும் நின்றோம். பிறகு அவள் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அங்கிள், வாப்பா இப்ப சொன்னதெல்லாம் கேட்டன். அந்தத் தொப்பிக் கடைய வாப்பா"

பஸ் வந்தது. வெகு தூரத்தில்தான் வந்தது. நான் ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதை அந்த ஒழுங்கையில் பலர் பார்த்திருக்கிறார்கள், வேண்டுமானால் விசாரிக்கலாம்.

அவளுடைய வாக்கியம் இன்னும் அந்தக் கேற்றடியில்தான் நிற்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் போகிறவர்கள் அதை முடித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தபடியும் முடிக்கலாம், பஹ்மியாவின் முகத்தை நான் எழுதவில்லை, உங்களுக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளுங்கள். முடித்தவர்கள் எனக்குச் சொல்லவேண்டாம்.